டேஷ்போர்டில் கடகட சத்தமா? வாரண்டி முடியுமுன் கவனியுங்கள்

புதிய டிராக்டரில் பெரிய குறை ஏற்பட்டால் அதைச் சரி செய்து கொள்வதில் விவசாயிகளுக்கு அதிகச் சிரமம் இருப்பதில்லை. ஆயில் ஒழுகினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஹைட்ராலிக் தூக்கவில்லை என்றால் அங்கேயே காட்டி விடலாம். ஸ்டியரிங்குக்கு முன்னால், மீட்டர்கள் பொருத்திய டேஷ்போர்டுக்குள் எங்கிருந்தோ எழும் 'கடகட' சத்தம்தான் தொல்லை. வயலில் கேட்கும், டீலரின் பட்டறைக்குப் போனால் கேட்காது. "எல்லா வண்டியும் இப்படித்தான், ஓட ஓடச் சரியாகி விடும்" என்று சொல்லி அனுப்பி விடுவார்கள். வாரண்டி முடிந்த பின் அதே சத்தத்திற்கு நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டி வரும்.

இது காதுக்கு மட்டும் தொல்லை தரும் விஷயம் அல்ல. டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர்களுக்கும் விளக்குகளுக்கும் செல்லும் ஒயர்க் கற்றை இருக்கிறது. பல மாடல்களில் டீசல் டாங்கும் அதை ஒட்டியே அமைந்துள்ளது. கிளிப் கழன்ற ஒயர் தகட்டின் விளிம்பில் உரசிக் கொண்டே இருந்தால் மேலுறை தேய்ந்து ஒரு நாள் ஷார்ட் ஆகும். டாங்கைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்தால், ஆட்டத்தில் டாங்கே விரிசல் விடலாம். ஆகவே துணியைச் சுருட்டிச் செருகிச் சத்தத்தை அடக்கி வைக்கும் வழக்கத்தை விட்டு விடுங்கள். சத்தம் அடங்கும், உரசல் அடங்காது.

பட்டறையில் சத்தம் ஏன் கேட்பதில்லை? மூன்று சிலிண்டர் டிராக்டரை எடுத்துக் கொள்வோம். நிமிடத்திற்கு 800 சுற்றில் எஞ்சின் ஓடும்போது நொடிக்கு 20 முறை எரிபொருள் வெடித்து உந்துகிறது. 1600 சுற்றில் இது 40 முறையாகிறது. தளர்ந்து கிடக்கும் ஒவ்வொரு தகட்டுக்கும் மூடிக்கும் தானாக அதிரும் ஒரு வேகம் உண்டு. எஞ்சினின் உந்தல் அந்த வேகத்தோடு ஒத்துப் போகும்போது மட்டும் அது துள்ளும்; சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ அடங்கி விடும். மெக்கானிக் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, ஐடிலில் ஓட விட்டுக் கேட்கிறார். உங்கள் வண்டியோ ஒன்பது கொத்துக் கலப்பையை இழுத்துக் கொண்டு வேறொரு சுற்றில் ஓடும்போது சத்தம் போடுகிறது. அவர் "ஒன்றும் கேட்கவில்லையே" என்று சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

எனவே டீலரிடம் போகுமுன் சத்தம் எப்போது வருகிறது என்பதை நீங்களே கண்டு வைத்துக் கொள்ள வேண்டும். எந்தக் கியர், மீட்டரில் எத்தனை சுற்று, எந்தக் கருவி, காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா, சாலையிலா, வயலிலா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, பி.டி.ஓ.வை விலக்கி, நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டிக் கொண்டு, கை ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டிப் பாருங்கள். அதே சுற்றில் சத்தம் வந்தால் பாதி வேலை முடிந்தது. சத்தம் வரும் சுற்றில் எஞ்சினை நிறுத்தி வைத்துக் கொண்டு, மீட்டர் மூடி, பக்கத் தகடு, ஸ்டியரிங் தண்டின் உறை, பானெட்டின் பின் விளிம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்த வேண்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே அல்லது அதற்கு அருகில்தான் குறை இருக்கும். வேட்டி, துண்டு நுனிகளை இறுகச் செருகிக் கொள்ளுங்கள். காற்றாடிப் பக்கமும் சைலன்சர் பக்கமும் கை போகக் கூடாது. இதற்கு மேல் ஒரு திருகைக் கூட நீங்களோ ஊர் மெக்கானிக்கோ கழற்ற வேண்டாம். "வெளி ஆள் கை வைத்து விட்டார்" என்ற காரணம் டீலருக்குக் கிடைத்து விடும்.

நீங்களாகப் பொருத்தியவற்றையும் முதலில் கழற்றி விட்டுச் சோதியுங்கள். மேற்கூரை, பாட்டுப் பெட்டி, கூடுதல் ஹாரன், சாமி படச் சட்டம் இவற்றில் ஏதேனும் ஒன்றே சத்தத்திற்குக் காரணமாக இருப்பதும் உண்டு. ஒயரை இடையில் வெட்டிப் பாட்டுப் பெட்டிக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் மின்சாரப் பகுதிக்கான வாரண்டியையே மறுக்க இடம் ஏற்படும். சேற்றுழவு முடிந்து இரும்புக் கேஜ் சக்கரத்தோடு தார்ச் சாலையில் ஓட்டி வருவதும் அப்படித்தான். அந்த அதிர்ச்சியில் வண்டியின் எல்லா நட்டுகளும் தளரும். பழியும் உங்கள் மேல் வரும்.

வாரண்டிப் புத்தகத்தை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள். முதலாவது, காலம். இத்தனை ஆண்டு அல்லது இத்தனை மணி நேர ஓட்டம், இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு. வாடகை உழவுக்கும் போகும் வண்டியில் மணி நேரம்தான் முந்தும். இரண்டாவது, விலக்குகள். டயரும் பேட்டரியும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பெனிகளின் பொறுப்பில் விடப்பட்டிருக்கும். ஃபில்டர், பல்பு போன்றவற்றுக்கு வாரண்டி இராது. இலவச சர்வீஸ் கூப்பன்களை உரிய மணி நேரத்தில் பயன்படுத்தி முத்திரை பெற்றிருக்கிறீர்களா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

டீலரை எதிரியாக நினைத்துக் கொண்டு போக வேண்டாம். வாரண்டி வேலைக்கான கூலியை அவர் கம்பெனியிடமிருந்து பெறுகிறார். இன்ன குறை, இன்ன காரணம், இன்ன பாகம் என்று எழுதிக் கேட்டால்தான் அது கிடைக்கும். சத்தத்தைத் தேடி மெக்கானிக் அரை நாள் செலவிட்டு ஒன்றும் கிடைக்காவிட்டால், பெரும்பாலும் அந்தக் கூலி டீலருக்கே நட்டம். அவர் தட்டிக் கழிப்பதற்கு இதுவே பெரிய காரணம். "நான்காவது கியரில், 1500 சுற்றில், இடது மூடியை அழுத்தினால் நிற்கிறது" என்று நீங்கள் சொல்லும்போது தேடும் வேலை அவருக்கு மிச்சமாகிறது. மெக்கானிக்கை மட்கார்டு இருக்கையில் ஏற்ற வேண்டாம். அவரையே ஓட்டச் சொல்லுங்கள். கலப்பையோடு மட்டுமே சத்தம் வருமானால் கலப்பையையும் கொண்டு போங்கள். மீட்டர் முள் தெரியும்படி செல்போனில் எடுத்த படமும் உதவும். ஆடி, புரட்டாசி உழவு நெருக்கடியில் பட்டறையில் உங்கள் பேச்சு எடுபடாது. வேலை ஓய்ந்த நாளில், காலையில் முதல் வண்டியாகப் போவது நல்லது.

ஜாப் கார்டில் "பொதுச் சோதனை" என்று எழுத விடாதீர்கள். சத்தத்தின் விவரம், தேதி, மீட்டரில் உள்ள மணி நேரம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டு, நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். வாரண்டிக் காலத்திற்குள் எழுதப்பட்ட குறை, காலம் முடிந்த பின் பெரிதானாலும் உங்கள் பக்கம் பேசும். வாய்ச்சொல் பேசாது. "இது சாதாரணம்" என்றால் அதையும் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதுவதற்கு யோசிப்பார்கள். ஷோரூமில் நிற்கும் அதே மாடல் வண்டியை அதே சுற்றில் ஓட விட்டுக் கேட்பதும் நல்ல வழி. அதில் சத்தம் இல்லையென்றால் உங்கள் வண்டியில் குறை உண்டு என்பது அங்கேயே தெரிந்து விடும்.

வேலை முடிந்ததும் "திருப்தி" என்று கையெழுத்துக் கேட்பார்கள். அதே கியரில், அதே சுற்றில் ஓட்டிப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வயலில்தான் தெரியும் என்றால் "வயலில் சோதிக்க வேண்டும்" என்று எழுதி அதன் கீழ் கையெழுத்திடலாம்.

இரண்டு முறை போயும் சரியாகவில்லையா? வாரண்டிப் புத்தகத்தில் உள்ள கம்பெனி முகவரிக்கு, ஜாப் கார்டு நகல்களுடன் ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்கள். அதே கம்பெனியின் வேறொரு டீலரிடம் காட்டலாமா என்றும் அக்கடிதத்திலேயே கேளுங்கள். அதற்கும் பயன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு சட்டப்படி, வாங்கிய ஊர் எதுவானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வண்டியின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. 5 லட்சத்திற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வியாபார நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துவோரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. நில ஆவணத்தின் நகலை மனுவோடு சேர்த்து விடுங்கள். சத்தத்திற்காகப் புது டிராக்டர் கேட்பது எடுபடாது. குறையைச் செலவின்றிச் சரி செய்து தரவும், பட்டறைக்கு அலைந்த செலவைத் தரவும் கேளுங்கள்.