மேய்க்கால் நிலமும் வலசைப் பறவைகளும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் இன்று தொழிற்சாலைகளே காட்சியளிக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இலும், ஒரகடத்தில் 2010-இலும் மோட்டார் கார் உற்பத்தி தொடங்கியது. இளைஞர்க்கு வேலை கிடைத்தது. நிலத்தின் விலையும் ஏறியது. ஆலை மதில்களுக்கு வெளியே திறந்த வெளியாக எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஏரிகளும், அவற்றின் நீர்ப்பிடிப்பும், மேய்க்கால் புறம்போக்கும் ஆகும். இவற்றைத் 'தரிசு' என்று தள்ளிவிடுதல் நம்மிடையே வழக்கமாகிவிட்டது. புரட்டாசி முதல் பங்குனி வரை அத்தரிசை நம்பி வாழ்வன எவை என்பதை ஈண்டு நோக்குவோம்.

பொன் உப்புக்கொத்தி என்றொரு பறவை உண்டு, புறாவினும் சிறியது. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும், மரமே முளைக்காத உறைபனி நிலத்தில் குஞ்சு பொரிப்பது. அலாஸ்காவிலிருந்து புறப்படும் இவ்வினப் பறவைகள் 4,000 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட கடலை எங்கும் இறங்காமல் கடந்து ஹவாய்த் தீவுகளை அடைகின்றன. சைபீரியாவிலிருந்து நம் நாட்டிற்கு வருவன காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் ஏரிப்புறப் புல்வெளிகளிலும் தங்குகின்றன. பொரி உள்ளான் முதலியனவும் உடன் வருகின்றன.

உப்புக்கொத்தி கண்ணால் இரை தேடுவது. சிறிது தூரம் ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், பின்னர் புழுவையோ வண்டையோ கொத்தும். புல் முழங்காலளவு வளர்ந்துவிட்டால் இரையும் தென்படாது, பதுங்கி வரும் கீரியும் நாயும் தென்படா. ஆகவே அதற்கு வேண்டியது குட்டைப் புல். அதைக் குட்டையாக வைத்திருப்பவை நம் ஆடுமாடுகளே. சாணத்தில் பெருகும் வண்டுகளோ பறவைக்கு உணவாகின்றன. மாடு வளர்ப்போர் குறைந்துவிட்ட ஊரில் மேய்க்கால் முதலில் புதராகும். அடுத்துச் சீமைக் கருவேல் காடாகும்.

சீமைக் கருவேலின் காயைத் தின்னும் கால்நடைகளே அதன் விதையைச் சாணத்தின் வழியே பரப்புகின்றன என்பது வேடிக்கையான உண்மை. வெட்டிய மரம் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். எனவே நாற்றாக இருக்கும்போதே வேருடன் பிடுங்குதல் நன்று. முற்றிய மரங்களை அகற்ற இயந்திரம் வேண்டுமாயின், வலசைப் பறவைகள் திரும்பிச் சென்ற வைகாசி மாதமே ஏற்றது. ஆனால், நம் ஊரிலேயே வாழும் ஆள்காட்டி அப்பொழுது வெறுந்தரையில் முட்டையிட்டிருக்கக் கூடும். எங்கெங்கு என்பதை ஆடு மேய்ப்போர் அறிவர். அவர்களைக் கேட்ட பின்னரே இயந்திரத்தை இறக்க வேண்டும்.

நல்லெண்ணத்தாலும் இந்நிலம் கெடுவதுண்டு. வெற்றிடம் என்று கருதி மேய்க்கால் முழுவதும் மரக்கன்று நட்டுவிடுகிறோம். பறவை என்றதும் வேடந்தாங்கலே நினைவிற்கு வருவது இதற்கு ஒரு காரணமாகலாம். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அவ்வேரியில் நாரையும் கொக்கும் நீர்நடுவே நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றுக்கு மரம் இன்றியமையாதது. உப்புக்கொத்திக்கோ மரம் என்பது வல்லூறு அமர்ந்து நோட்டமிடும் மேடை. கன்றுகளைச் சாலையோரத்திலும், பள்ளி வளாகத்திலும், ஆலை மதிலோரத்திலும் நடலாமே!

ஊர்ப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றித் திரும்பப் பெறத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. மேய்ச்சல் புறம்போக்கின் பயனை ஒழுங்குசெய்யும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சிக்கு அளித்துள்ளது. மே 1-ஆம் நாள் கூடும் கிராம சபையில் மேய்க்காலின் எல்லையை அளந்து கல் நடவும், அதனை மேய்ச்சலுக்கே வைத்துக்கொள்ளவும் தீர்மானம் நிறைவேற்றலாம்.

ஏரியில் தூர் எடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. செங்குத்தாகக் குழி தோண்டினால் கரையோரச் சேறு இல்லாமற்போகும். உள்ளான் நின்று இரை தேட இடமிராது, நீர் குடிக்க இறங்கும் கன்றுக்கும் ஆபத்து. நீர்ப்பிடிப்புப் பக்கம் மெல்லச் சரியுமாறு விட்டால், தை மாதம் முதல் நீர் வடிய வடிய நாலு விரல் ஆழமுள்ள சேற்று விளிம்பு நாள்தோறும் புதிதாக வெளிப்படும். இதனை மதிப்பீடு தயாராகும்பொழுதே பொறியாளரிடம் தெரிவித்துவிட வேண்டும்.