நாள்தோறும் ஒரு திருப்பாடல்

நுழையும்முன்

மகிழ்ச்சியில் பாடுவது எளிது. துன்பத்தில் பாடுவது அரிது. தம் துன்பத்தை மறைக்காமல் இறைவனிடம் முறையிட்டு, முறையிட்ட வாயாலேயே நம்பிக்கையையும் உரைத்த மக்களின் பாடல்கள் விவிலியத்தில் இடம்பெற்றுள்ளன. 'சங்கீதம்' என்றும் 'திருப்பாடல்கள்' என்றும் தமிழில் வழங்கும் அத்தொகுப்பு, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்களின் அன்றாட வாழ்வில் ஊக்கம் தரும் நூலாக எவ்வாறு விளங்கி வருகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விவிலியம் பல நூற்றாண்டுகளில் பலரால் எழுதப்பட்ட நூல்களின் தொகுப்பாகும். வரலாறு, சட்டம், நீதிமொழி, இறைவாக்கு, மடல் எனப் பல வகை எழுத்துகள் அதில் உள்ளன. அவற்றுள் பலவும் இறைவனின் செயலையும் சொல்லையும் மாந்தர்க்கு எடுத்துரைப்பன. திருப்பாடல்கள் நூலோ பெரும்பாலும் மாந்தர் இறைவனை நோக்கிப் பேசுவதாக அமைந்துள்ளது. மனம் கலங்கியவர்கள் விவிலியத்தில் முதலில் இந்நூலைத் தேடுவதற்கு இதுவே காரணம். தம் உள்ளத்தில் உள்ளதைச் சொல்லச் சொல் கிடைக்காதவர்க்கு இந்நூல் சொல் தருகிறது.

நூலின் அமைப்பு

திருப்பாடல்கள் எபிரேய மொழியில் இயற்றப்பட்ட 150 பாடல்களைக் கொண்டது. 'புகழ்ச்சிகள்' என்னும் பொருளுடைய பெயரால் எபிரேயர் இதனை வழங்கினர். இப்பாடல்கள் ஐந்து பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. 73 பாடல்களின் தலைப்பில் அரசர் தாவீதின் பெயர் காணப்படுகிறது. ஆசாபு, கோராகின் புதல்வர், மோசே முதலிய பெயர்களும் சில தலைப்புகளில் உள்ளன. எனவே, இது பலர் குரல்கள் சேர்ந்தொலிக்கும் நூல் எனலாம்.

பாடல்களின் அளவு வேறுபட்டது. 117ஆம் பாடல் இரண்டே வசனங்களால் ஆனது. 119ஆம் பாடலோ 176 வசனங்களைக் கொண்டது. எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளையும் வரிசையாகக் கொண்டு, ஓர் எழுத்துக்கு எட்டு வசனங்கள் என்னும் முறையில் அப்பாடல் இயற்றப்பட்டுள்ளது. அகரவரிசையில் அமைந்த ஆத்திசூடியைக் கற்ற தமிழ் மாணவர்க்கு இம்முறையின் பயன் எளிதில் விளங்கும். எழுத்துகளின் வரிசையே பாடலை நினைவில் நிறுத்த உதவுகிறது.

எபிரேயக் கவிதையின் சிறப்பியல்பு கருத்திணை ஆகும். முதல் அடி ஒரு கருத்தைக் கூறும். அடுத்த அடி அதனையே வேறு சொற்களால் மீண்டும் கூறும், அல்லது அதற்கு மாறான கருத்தை எதிரே நிறுத்தும், அல்லது அதனை ஒரு படி மேலே கொண்டு செல்லும். ஆங்கில அறிஞர் இராபர்ட் லௌத் 1753இல் வெளியிட்ட தம் சொற்பொழிவு நூலில் இதனை விரிவாக விளக்கினார். எதுகை, மோனை போன்ற ஓசை நயங்கள் மொழிபெயர்க்கும்போது உதிர்ந்துவிடும். கருத்திணை அவ்வாறு உதிர்வதில்லை. இப்பாடல்கள் பல மொழிகளிலும் தம் கவிதைத் தன்மையை இழக்காமல் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முறையீடும் நம்பிக்கையும்

'புகழ்ச்சிகள்' என்று பெயர் பெற்ற இந்நூலில் எண்ணிக்கையால் மிகுந்தவை முறையீட்டுப் பாடல்களே என்பது வியப்பளிக்கலாம். நோய், பகை, பொய்க்குற்றச்சாட்டு, நண்பரின் இரண்டகம், முதுமை, நாட்டின் அழிவு ஆகியவை அவற்றின் பாடுபொருள்கள். கண்ணொளி இழந்த சுந்தரர் இறைவனிடம் உரிமையோடு முறையிட்டுப் பாடியதை அறிந்தவர்க்கு இத்தகைய குரல் புதியதன்று.

இம்முறையீடுகள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் செல்கின்றன. 13ஆம் பாடலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆறே வசனங்கள் உடைய அப்பாடலின் தொடக்கத்தில், இந்நிலை இன்னும் எத்தனை காலம் என்னும் வினா நான்கு முறை எழுப்பப்படுகிறது. அடுத்து வேண்டுகோள் வருகிறது. இறுதியில் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. இடையில் பகைவர் விலகினர் என்றோ துன்பம் தீர்ந்தது என்றோ ஒரு சொல்லும் இல்லை. புறநிலை மாறவில்லை, இறைவன் முன்பு காட்டிய அன்பைப் பாடியவர் நினைவுகூர்ந்ததால் அகநிலை மாறியது.

42, 43ஆம் பாடல்களில் பாடுபவர் தம் நெஞ்சையே விளித்துப் பேசுகிறார். ஏன் தளர்ந்தாய் என வினவி, இறைவனை நம்பியிருக்குமாறு அதற்கு அறிவுறுத்துகிறார். அவ்வறிவுரை மூன்று முறை வருகிறது. ஒருமுறை சொன்னதும் நெஞ்சு தேறிவிடவில்லை என்பதை அம்மும்முறைக் கூற்று உணர்த்துகிறது. ஊக்கம் என்பது ஒருநாள் பெற்று வாழ்நாள் முழுதும் வைத்துக்கொள்ளும் பொருளன்று என்பதை அறிந்தே இப்பாடல் இயற்றப்பட்டுள்ளது.

படர்க்கையிலிருந்து முன்னிலைக்கு

திருப்பாடல்களுள் மிகுதியாக அறியப்பட்டது 23ஆம் பாடலாகும். இறைவனை ஆயனாகவும் தம்மை ஆடாகவும் உருவகித்துப் பாடுவது அது. அதன் இலக்கண அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. பசும்புல்வெளியையும் அமைதியான நீர்நிலையையும் பாடும் தொடக்கப் பகுதியில் இறைவன் படர்க்கையில், 'அவர்' எனச் சுட்டப்படுகிறார். இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கைப் பாடும் இடத்தில் நடை மாறுகிறது. இறைவன் முன்னிலையில், 'நீர்' என விளிக்கப்படுகிறார். நல்ல நாளில் இறைவனைப் பற்றிப் பேசியவர், இருண்ட நாளில் இறைவனோடு பேசுகிறார். பள்ளத்தாக்கு இல்லாமற்போகும் என்று இப்பாடல் உறுதி கூறவில்லை. அங்கே உடன் ஒருவர் இருப்பார் என்றே கூறுகிறது.

இந்நுட்பம் 88ஆம் பாடலையும் விளங்கிக்கொள்ள உதவும். நம்பிக்கைச் சொல்லால் முடியும் மற்ற முறையீடுகளைப் போலன்றி, அப்பாடல் இருள் என்னும் சொல்லோடு முடிகிறது. எனினும், தொகுத்தோர் அதனை விலக்கிவிடவில்லை. அப்பாடல் முழுவதும் இறைவனை முன்னிலைப்படுத்தியே பேசுகிறது. விடை வராத நாளிலும் விளிப்பதை நிறுத்தாதிருத்தல் நம்பிக்கையின் ஒரு வடிவம் என்பதை அது காட்டுகிறது. துயரமின்மையே நம்பிக்கை எனக் கருதுவோர்க்கு இந்நூல் தரும் திருத்தம் இது.

தெரிந்து தெளிவோம்

1947 முதல் சாக்கடலின் அருகே கும்ரான் பகுதிக் குகைகளில் பழைமையான தோற்சுருள்கள் பல கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் இடம்பெற்ற விவிலிய நூல்களில் மிகுதியான படிகள் கிடைத்தது திருப்பாடல்களுக்கே ஆகும். அந்நூலை அக்கால மக்கள் எவ்வளவு போற்றிப் பயின்றனர் என்பதற்கு இது சான்றாகிறது.

அன்றாட வழக்கம்

சிலுவையில் தொங்கிய இயேசு, 22ஆம் திருப்பாடலின் முதல் அடியைக் கூறிக் கதறியதாக மத்தேயு, மாற்கு ஆகிய நற்செய்தி நூல்கள் கூறுகின்றன. உயிர் பிரியும் வேளையில் ஒரு பாடல் நாவில் எழவேண்டுமெனில், அது முன்பே நெஞ்சில் பதிந்திருத்தல் வேண்டும். பிற்காலத்தில் எழுந்த வழிபாட்டு முறைகள் இத்தகைய பயிற்சிக்கு வழிவகுத்தன. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கு, 150 பாடல்களையும் ஒரு வாரத்திற்குள் பாடிமுடிக்கப் பணித்தது. 1549இல் வெளிவந்த இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டு நூல், அவற்றை மாதத்தின் 30 நாள்களுக்கும் காலை, மாலை எனப் பகுத்தளித்தது.

எளிய மக்களின் இல்லங்களுக்கு இவ்வழக்கத்தைக் கொண்டுசென்ற ஒரு முயற்சி ஜெர்மனியில் தோன்றியது. மொராவியாவில் தம் சமய நம்பிக்கைக்காகத் துன்புறுத்தப்பட்டு வெளியேறியோர், 1722இல் சாக்சனிப் பகுதியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்தனர். 1728 மே 3 அன்று, மறுநாள் முழுவதும் மனத்தில் கொள்வதற்கென ஒரு சிறு வாசகத்தை அவர்களுக்குச் சின்சென்டார்ஃப் வழங்கினார். அதன்பின் அன்றன்றைய வாசகத்தை ஒருவர் வீடுவீடாகச் சென்று அறிவிக்கும் வழக்கம் உருவாயிற்று. 1731ஆம் ஆண்டிற்கான வாசகங்கள் நூலாக அச்சிடப்பட்டன. அன்று முதல் ஆண்டுதோறும் வெளிவரும் அந்நூல் இன்று 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வெளியாகிறது. அதில் இடம்பெறும் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் குலுக்கல் முறையில் எடுக்கப்படுகின்றன. படிப்பவர் தம் மனநிலைக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்துகொள்வதில்லை. தம்மிடம் வரும் சொல்லுக்குத் தம் மனத்தைத் திறக்கிறார்.

சிறையில் ஒரு வாசகர்

இவ்வன்றாடப் பயிற்சி கடுமையான சோதனையில் ஒருவரை எவ்வாறு தாங்கியது என்பதற்கு டீட்ரிச் போன்ஹோஃபரின் வாழ்வு சான்றாகும். 1906இல் பிறந்த அவர், ஜெர்மானிய இறையியல் அறிஞர். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தவர். 1938 நவம்பர் 9 இரவில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் ஜெர்மனி எங்கும் எரிக்கப்பட்டன. வழிபாட்டு இடங்கள் தீக்கிரையானதைக் கூறி முறையிடும் 74ஆம் திருப்பாடலின் அருகே, தம் விவிலியத்தில் அவர் அந்நாளைக் குறித்துவைத்தார். பழைய பாடல் ஒன்று, தம் காலத்தில் துன்புறுவோரின் குரலாக அவர் செவியில் ஒலித்தது. எனவே, அவருக்குத் திருமறை வாசிப்பு உலகை மறக்கும் வழியாக அமையவில்லை. உலகின் துயரைக் காணும் கண்ணாயிற்று.

1939 ஜூனில் அமெரிக்கா சென்ற அவர், அங்கே பாதுகாப்பாகத் தங்கியிருக்கலாம். தம் மக்கள் இடருறும் வேளையில் அயலில் வாழ்தல் தகாது எனத் தெளிந்து, அடுத்த மாதமே தாயகம் திரும்பினார். 1940இல் திருப்பாடல்களைப் பற்றிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். 1943 ஏப்ரல் 5 அன்று கைது செய்யப்பட்டு, பெர்லினின் டேகல் சிறையில் அடைக்கப்பட்டார். பல ஆண்டுகளாகச் செய்துவருவதுபோல் அங்கும் நாள்தோறும் திருப்பாடல்களைப் படித்துவருவதாகத் தம் பெற்றோர்க்கு மடல் எழுதினார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோல்வியுற்றது. விடுதலைக்கான வாய்ப்பு அருகிவிட்ட மறுநாளும், அவ்விரு நாள்களின் ஹெர்ன்ஹூட் வாசகங்கள் தமக்கு மகிழ்வளித்ததை நண்பருக்கு எழுதினார். 1945 ஏப்ரல் 9 அன்று, தம் 39ஆம் அகவையில், அவர் தூக்கிலிடப்பட்டார். திருப்பாடல்கள் அவருக்குச் சிறைக்கதவைத் திறக்கவில்லை. அச்சத்திற்கு அடிபணியாமல் அந்நாள்களைக் கடக்கும் வலிமையை அளித்தன.

தமிழில் திருப்பாடல்கள்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டார். பழைய ஏற்பாட்டில் ரூத்து என்னும் நூல் வரை மொழிபெயர்த்த நிலையில், 1719இல் மறைந்தார். எஞ்சிய நூல்களைப் பெஞ்சமின் சுல்ட்சே மொழிபெயர்த்தார். திருப்பாடல்களும் அவற்றுள் அடங்கும். பின்னர் பப்ரிசியுசு, பெர்சிவல் முதலியோர் மொழிபெயர்ப்பைச் செம்மைப்படுத்தினர். பெர்சிவலின் பணிக்கு யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் துணைநின்றது தமிழ் உரைநடை வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி. பழைய மொழிபெயர்ப்பில் 'சங்கீதம்' எனப்பட்ட நூல், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'திருப்பாடல்கள்' எனப் பெயர் பெற்றது.

இன்றும் விடியற்காலையில் ஒரு பாடலைப் படித்துவிட்டு அன்றைய பணியைத் தொடங்குவோர் தமிழகத்தில் பலர் உள்ளனர். மகிழ்ச்சிப் பாடல்களை மட்டும் தேர்ந்து படிக்காமல் வரிசையாகப் படிப்போர், புகழ்ச்சியையும் அழுகையையும் சினத்தையும் நன்றியையும் மாறிமாறிச் சந்திப்பர். தமக்குத் துயரில்லாத நாளில் முறையீட்டுப் பாடல் வருமாயின், அது துயருறும் பிறரை நினைக்கச் செய்யும். தமக்குத் துயர் வரும் நாளில், முன்பே பழகிய அச்சொற்கள் துணையாக நிற்கும்.

கற்பவை கற்றபின்

துன்பவேளையில் இறைவனிடம் முறையிடும் பாடல் ஒன்றைத் தமிழ் பக்தி இலக்கியத்திலிருந்து தேர்ந்தெடுத்து, அதன் போக்கை 13ஆம் திருப்பாடலின் போக்கோடு ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. கருத்திணை என்றால் என்ன?
2. 119ஆம் திருப்பாடலின் அமைப்பு யாது?

சிறுவினா
1. 23ஆம் திருப்பாடலில் படர்க்கை முன்னிலையாக மாறுவதன் சிறப்பை விளக்குக.
2. ஹெர்ன்ஹூட் மக்களின் அன்றாட வாசக வழக்கம் குறித்து எழுதுக.

நெடுவினா
'துயரமின்மையே நம்பிக்கை அன்று' – பாடப்பகுதியைக் கொண்டு நிறுவுக.