வானிலிருந்து திரைவரை: படகுக் கணினியில் கம்பியில்லா ஜிபிஎஸ்

சிறு படகுகளில் மடிக்கணினியைக் கடல் வரைபடத் திரையாகப் பயன்படுத்துவோர் ஜிபிஎஸ் ஏற்பியை, அதாவது செயற்கைக்கோள் சமிக்ஞைகளைப் பெற்றுத் தன் இருப்பிடத்தைக் கணக்கிடும் சிறு கருவியை, கம்பியின்றி இணைக்க விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஏற்பி வானம் தெரியும்படி மேல்தளத்தில் இருக்க வேண்டும். கணினியோ மழையும் உப்புநீரும் படாத உள்ளறையில் இருக்க வேண்டும். இடையே கதவிடுக்கு வழியாகக் கம்பி ஓடினால் அது காலை இடறும், கதவில் நசுங்கும், ஈரத்தில் முனைகள் துருவேறும். கைக்குள் அடங்கும் புளூடூத் ஏற்பி இத்தொல்லையை நீக்குகிறது. ஆனால் அதனோடு, கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரே இணைப்பும் மறைந்துபோகிறது. அதன்பின் படகின் இருப்பிடம் திரைக்கு வந்துசேர நான்கு கண்ணிகள் ஒழுங்காக இயங்க வேண்டும்: செயற்கைக்கோளிலிருந்து ஏற்பி, ஏற்பியிலிருந்து கணினியின் புளூடூத் பகுதி, அங்கிருந்து இயங்குதளம் உருவாக்கும் மெய்நிகர் சீரியல் போர்ட், அதிலிருந்து வரைபட மென்பொருள். திரையில் படகு தெரியவில்லை என்ற ஒரே குறை இந்நான்கில் எதிலிருந்தும் எழக்கூடும் என்பதால், மென்பொருளின் அமைப்புகளை முதலில் மாற்றத் தொடங்குபவர் பெரும்பாலும் சரியாக இருந்ததையும் கெடுத்துவிடுகிறார். வானிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்து வருபவரே பழுதை விரைவில் காண்கிறார்.

இவ்வகை இணைப்பு அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவில் பாய்மரப் படகோட்டிகளிடையே எளிதாக வேரூன்றியதற்கு இரண்டு காரணங்கள் கூறலாம். ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்விரிகுடாவின் சராசரி ஆழம் 6.4 மீட்டர்தான், நீருக்கடியில் ஒன்றரை மீட்டர் தாழ்ந்து நிற்கும் அடிக்கட்டை கொண்ட படகுக்குக் கரையோரத் திட்டுகள் எப்போதும் கவலை தருவன. அடுத்ததாக, அந்நாட்டுக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா தன் மின்னணுக் கடல் வரைபடங்களைக் கட்டணமின்றி வழங்குகிறது. அவற்றைத் திறந்து காட்டும் ஓப்பன்சிபிஎன் என்ற மென்பொருளும் விலையற்றது, விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குவது. ஏற்கெனவே மடிக்கணினி வைத்திருப்பவருக்கு ஏற்பி ஒன்றே புதுச்செலவாக எஞ்சுகிறது.

முதற்கண்ணியில் பொறுமை தேவைப்படுகிறது. நெடுநாள் அணைத்து வைத்திருந்த ஏற்பி, எந்தச் செயற்கைக்கோள் எங்கே உள்ளது என்பதை மறந்த நிலையில் விழிக்கிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான சுற்றுப்பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொது அட்டவணை முழுமையாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகிறது. சுற்றுப்பாதை விவரமும் சில மணி நேரத்தில் பழையதாகிவிடுவதால், காலையில் பிடித்த கோள்களை மாலையில் மீண்டும் தேட வேண்டியிருக்கும். எனவே கட்டுக்கயிற்றை அவிழ்ப்பதற்கு நெடுநேரம் முன்பே ஏற்பியைத் திறந்த தளத்தில் வைத்து இயக்கிவிடுவதும், இருப்பிடம் கிடைத்ததை அதன் விளக்கு காட்டிய பின்னரே கணினிப் பக்கம் திரும்புவதும் நல்ல பழக்கங்கள். கண்ணாடியிழைக் கூரையையும் மரத்தையும் ஜிபிஎஸ் அலைகள் ஊடுருவுகின்றன. எஃகும் அலுமினியமும் அவற்றைத் தடுக்கின்றன.

இரண்டாம், மூன்றாம் கண்ணிகளில்தான் புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறுகின்றனர். ஏற்பியையும் கணினியையும் ஒன்றையொன்று அறியச் செய்யும் செயலுக்கு இணைசேர்த்தல் என்று பெயர். பழைய ஏற்பிகள் இதற்குக் கேட்கும் கடவுஎண் பெரும்பாலும் 0000 அல்லது 1234. ஆனால் இணைசேர்ந்துவிட்டது என்ற செய்தி, தரவு வருகிறது என்பதற்குச் சான்றாகாது. இரு கருவிகளும் அறிமுகமாகிவிட்டன என்பதைத் தவிர அது வேறெதையும் உணர்த்துவதில்லை. ஒரு மென்பொருள் சீரியல் போர்ட்டைத் திறக்கும்போதுதான் உண்மையான இணைப்பு உருவாகிறது. முற்காலத்தில் கணினியின் பின்புறம் இருந்த ஒன்பது ஊசித் துளைவாயின் வேலையை இன்று மென்பொருளாலேயே நடிக்கும் இப்போர்ட்டை விண்டோஸ் காம் என்ற பெயரோடும் ஓர் எண்ணோடும் காட்டுகிறது. புளூடூத் அமைப்பில் பொதுவாக உள்வரும் போர்ட் ஒன்றும் வெளிச்செல்லும் போர்ட் ஒன்றுமாக இரண்டு தோன்றும். தரவு உள்ளேதானே வருகிறது என்று கருதி உள்வரும் போர்ட்டைத் தேர்ந்தெடுப்பது இயல்பாக நேரும் பிழை. பெயரிலுள்ள திசை, தரவு எப்பக்கம் பாய்கிறது என்பதைக் குறிப்பதன்று, இணைப்பை யார் தொடங்குகிறார் என்பதைக் குறிப்பது. கணினியே ஏற்பியை அழைப்பதால் வெளிச்செல்லும் போர்ட்டையே மென்பொருளில் குறிப்பிட வேண்டும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கணினியின் மூடியில் ஒட்டிவைப்பது நல்லது, ஏனெனில் ஏற்பியை நீக்கி மீண்டும் இணைசேர்க்கும்போது எண் மாறிவிடக்கூடும். லினக்ஸில் இதே பணியை ஆர்எஃப்காம் என்ற கட்டளை செய்கிறது.

போர்ட் வழியே வருவது வெறும் எழுத்துவரிகளே என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குப் பின்னர் எழும் பழுதுகளில் பாதி அச்சம் நீங்கிவிடும். அமெரிக்கத் தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம் வகுத்த என்எம்இஏ 0183 என்ற தரத்தின்படி ஒவ்வொரு வரியும் டாலர் குறியோடு தொடங்கி, காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட புலங்களாக நீண்டு, உடுக்குறிக்குப் பின் வரும் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண்ணோடு முடிகிறது. அவற்றுள் ஆர்எம்சி எனப்படும் வரி நேரம், இருப்பிடம், வேகம், செல்திசை, தேதி ஆகியவற்றைத் தருகிறது. ஜிஜிஏ எனப்படும் வரி எத்தனை செயற்கைக்கோள்களைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதையும் கணக்கின் தரத்தையும் சேர்த்துத் தருகிறது. ஆர்எம்சி வரியில் நேரத்தை அடுத்து வரும் ஒற்றை எழுத்து ஏ என்றால் இருப்பிடம் ஏற்கத்தக்கது, வி என்றால் எச்சரிக்கை. ஓப்பன்சிபிஎன் போன்ற மென்பொருள்களில் இவ்வரிகளை அப்படியே காட்டும் சாளரம் உண்டு. அதில் வரிகள் ஏ என்ற எழுத்தோடு ஓடினால் முதல் மூன்று கண்ணிகளும் நலமாக உள்ளன. ஒன்றுமே வராவிட்டால் வரைபட அமைப்புகளைத் தொடுவதில் பயனில்லை. கம்பிவழி இணைப்பில் இத்தரத்தின் வேகம் நொடிக்கு 4800 பிட் என்று இரு முனையிலும் பொருந்த அமைக்க வேண்டியிருந்தது. புளூடூத்தின் மெய்நிகர் போர்ட்டில் அவ்வெண் பெரும்பாலும் பொருட்படுத்தப்படுவதில்லை என்பதால் அதை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் உழைப்பு.

இவ்வரிகளை நேரடியாகப் படிப்பவர் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். அனாபொலிஸ் நகரை ஒட்டிய நீரில் 3858.5000 என்று அட்சரேகை வந்தால் அதன் பொருள் 38 பாகை 58.5 கலை, தசமத்தில் அது 38.975 பாகை. அதனை 38.585 பாகை என்று படித்து வேறொரு நிரலில் தட்டச்சிட்டால் படகு 23 கடல் மைல் தெற்கே தள்ளிப்போகும்.

சீரியல் போர்ட் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்கே திறக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சோதனைக்காக வேறொரு நிரலில் திறந்த சாளரத்தை மூடாமல் வரைபட மென்பொருளை இயக்கினால், போர்ட் கிடைக்கவில்லை என்ற செய்தி வரும். பழுது எதுவும் அங்கே இல்லை. இரண்டு மென்பொருள்களுக்கு ஒரே தரவு வேண்டுமெனில் இடையே பகிர்வு நிரல் ஒன்றை அமர்த்த வேண்டும். லினக்ஸில் ஜிபிஎஸ்டி என்ற பின்னணி நிரல் இப்பணியைப் பல்லாண்டுகளாகச் செவ்வனே ஆற்றிவருகிறது.

இணைப்பு கிடைக்காமல் போவது பெரிய ஆபத்து அன்று; அது உடனே தெரிந்துவிடும், படகோட்டியும் எச்சரிக்கையாகிவிடுவார். இணைப்பு இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே இருப்பிடம் உறைந்துபோவதே அஞ்சத்தக்கது. இவ்வுறைவு இரு வகையில் நேர்கிறது. மடிக்கணினி மின்சிக்கனத்துக்காகத் தன் புளூடூத் பகுதியை அணைத்துவிடும்போதோ, ஏற்பியின் மின்கலம் தீரும்போதோ வரிகள் நின்றுவிடுகின்றன. ஓப்பன்சிபிஎன் சில நொடிகளில் அதை உணர்ந்து படகுச் சின்னத்தைச் சாம்பல் நிறமாக்குகிறது. எல்லா மென்பொருள்களும் இவ்வாறு செய்வதில்லை. சில, கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே படகை நிறுத்திவைத்துவிடுகின்றன. விண்டோஸின் கருவி மேலாளரில் புளூடூத்துக்குரிய மின்சிக்கன அனுமதியை நீக்குவதும், மூடியை மூடினாலும் கணினி உறங்காதபடி அமைப்பதும், ஏற்பியைப் படகின் 12 வோல்ட் மின்சாரத்திலிருந்து யுஎஸ்பி வழியே தொடர்ந்து ஊட்டுவதும் இவ்வகையைப் பெரிதும் தடுக்கும்.

மற்றொரு வகை நுட்பமானது. மென்பொருளாலும் அதைக் கண்டறிய இயலாது. புளூடூத் ஏற்பிகளுள் பல சாலை வாகனங்களை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. சிவப்பு விளக்கில் நிற்கும் கார், திரையில் அங்குமிங்கும் நடுங்குவதைத் தவிர்ப்பதற்காக, சர்ஃப் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்ட ஏற்பிகளில் நிலைநிறுத்தம் என்று சொல்லத்தக்க ஓர் ஏற்பாடு இருந்தது: வேகம் ஏறத்தாழ நடைவேகத்துக்குக் கீழே இறங்கியதும் ஏற்பி பழைய இருப்பிடத்தையே மீண்டும் மீண்டும் அனுப்பும். காருக்கு அது வசதி. காற்றற்ற நேரத்தில் நீரோட்டத்தோடு மெல்ல நகரும் பாய்மரப் படகுக்கோ, நங்கூரம் மண்ணைப் பற்றாமல் இழுபட்டு இரவில் கரையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் படகுக்கோ அது பெருங்கேடு. வரிகள் ஓடிக்கொண்டிருக்கும், ஏ என்ற எழுத்தும் இருக்கும், செயற்கைக்கோள் எண்ணிக்கையும் நிறைவாக இருக்கும். நங்கூர எச்சரிக்கை மட்டும் ஒலிக்காது. ஏற்பியை வாங்கும் முன் இவ்வேற்பாடு உண்டா, அதை அணைக்க வழி உண்டா என்று விசாரிப்பது, எத்தனை செயற்கைக்கோள்களைப் பிடிக்கும் என்று விசாரிப்பதைவிட இன்றியமையாதது. சில ஏற்பிகளில் அதை அணைத்த பின்னரும் உள் மின்கலம் முற்றிலும் வற்றினால் பழைய அமைப்பு திரும்பிவிடுவதால், குளிர்காலம் முழுதும் சும்மா கிடந்த கருவியைப் பருவத் தொடக்கத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

சோதனை எளிது. படகு துறையில் கட்டப்பட்டிருக்கும்போது எழுத்துவரிகளின் சாளரத்தைத் திறந்து, நேரப் புலத்தையும் அட்சரேகையின் கடைசி இலக்கங்களையும் சில நிமிடம் கவனிக்க வேண்டும். நேரமும் நகரவில்லை என்றால் இணைப்பே அறுந்துள்ளது. நேரம் நகர்கிறது, கடைசி இலக்கங்கள் ஓயாமல் சிறிதளவு மாறிக்கொண்டிருக்கின்றன என்றால் ஏற்பி உண்மையைச் சொல்கிறது. கலையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பது 19 சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால், அசையாத படகிலும் அவ்விலக்கங்கள் அமைதியாக இருக்க வாய்ப்பில்லை. நேரம் நகர்ந்தும் இலக்கங்கள் கல்லாய் நின்றால் நிலைநிறுத்தம் இயங்குகிறது என்று முடிவு செய்யலாம். திரையில் நடுங்கும் படகைக் கண்டு எரிச்சலடைவோர் உண்டு. அந்த நடுக்கமே நம்பிக்கைக்கு உரிய அடையாளம்.

தொலைவைப் பொறுத்தவரை, இவ்வகை ஏற்பிகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லப்படும் 10 மீட்டர் எல்லை திறந்தவெளிக்கு உரியது. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சுவதால், இடையே நான்கு பேர் அமர்ந்தாலே இணைப்பு தளரலாம். எஃகு உடலுடைய படகில் மூடிய கதவு அதை அறுத்துவிடும். அத்தகைய படகுகளுக்கு, ஏற்பியின் வரிகளை வைஃபை வலையமைப்பில் அனுப்பும் இடைப்பெட்டியே பொருந்தும். அவ்வமைப்பில் மென்பொருளுக்குக் காம் எண்ணுக்கு மாறாகப் பிணைய முகவரியும் போர்ட் எண்ணும், பெரும்பாலும் 10110, தேவைப்படும். கணினி அப்பெட்டியின் வலையமைப்பில் சேர்ந்துவிட்டால் இணையம் துண்டிக்கப்படக்கூடும் என்பதால் வானிலை அறிக்கையை முன்கூட்டியே இறக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் ஒழுங்காக அமைந்த பின்னும் திரையிலுள்ள படகின் துல்லியமும் வரைபடத்தின் துல்லியமும் ஒன்றல்ல. ஏற்பி சில மீட்டருக்குள் சரியாகச் சொல்கிறது. அது காட்டும் இடத்திலுள்ள ஆழமோ, செக்ஸ்டன்ட் கருவியாலும் ஈயக்குண்டு கட்டிய கயிற்றாலும் அளந்த காலத்து அளவீடாக இருக்கக்கூடும். செசபீக் போன்ற மணலும் சேறும் நிறைந்த நீர்நிலையில் திட்டுகளும் இடம் மாறுகின்றன. ஆகவே ஓரத்தை ஒட்டிச் செல்லும்போது ஆழமானியின் எண்ணும், கண்ணுக்குத் தெரியும் மிதவையுமே திரையைவிட முதன்மையான சான்றுகள்.

மாற்று ஏற்பாடாக யுஎஸ்பி கம்பியுடைய ஏற்பி ஒன்றைப் பையில் வைத்திருப்பது மலிவான காப்பு. அதை மாட்டியபடியே விண்டோஸ் கணினியைத் தொடங்கினால், சில வேளைகளில் இயங்குதளம் ஓடிவரும் வரிகளைப் பழைய சீரியல் சுட்டியின் அசைவுகள் என்று கருதிவிடும். திரையில் அம்புக்குறி தானாகவே தாவித் திரியும். அப்போது ஏற்பியைக் கழற்றிக் கணினியைத் தொடங்கி, பின்னர் மாட்டினால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் கருவி மேலாளரில் சுட்டிகளின் பட்டியலில் சீரியல் பால்பாயின்ட் என்ற பெயரில் தோன்றும் பதிவை முடக்க வேண்டும். அதை நீக்குவதால் பயனில்லை. நீக்கினால் அடுத்த முறை மீண்டும் வந்துவிடும், முடக்கினால் முடங்கியே இருக்கும்.