தோற்ற அணியைத் தூக்கி நிறுத்துவது எப்படி? புதிய கெடா ரசிகருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய், எந்த ஊர் ஒட்டுக்கடையானாலும் சரி, சாயங்காலம் தே தாரேக் வந்து இறங்கியதும் கெடா காற்பந்து அணியை யாராவது ஒருவர் கலைத்துப் போட்டுத் திரும்பக் கட்ட ஆரம்பித்துவிடுவார். புதிதாக அந்த மேசையில் உட்காருகிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆளாளுக்கு ஒரு வருடத்தைச் சொல்லிச் சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்குள் நுழைய இந்த வழிகாட்டி உதவும்.

முதல் படி: வருடங்களை மனப்பாடம் செய்யுங்கள்

வரலாறு தெரியாமல் வாய் திறந்தால் அரை நிமிடத்தில் அடக்கிவிடுவார்கள். பெரியவர்கள் 1987இலிருந்து தொடங்குவார்கள். 1987, 1988, 1989 என்று மூன்று ஆண்டும் கெடா மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போனது. மூன்றிலும் கோலாலம்பூரிடம் தோற்றது. நான்காவது ஆண்டில், 1990இல், சிங்கப்பூரை 3-1 என்று வென்று கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. 1993இல் மறுபடியும் கிண்ணம், மறுபடியும் சிங்கப்பூரை வீழ்த்தி.

நடுத்தர வயதுக்காரர்கள் 2007ஐயும் 2008ஐயும் விடவே மாட்டார்கள். கோச் அஸ்ராய் கோர் அப்துல்லா. முன்வரிசையில் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த மார்லன் அலெக்ஸ் ஜேம்ஸ். சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றார்கள். அடுத்த பருவத்திலும் அதே மூன்று. கெடாக்காரர் இதைச் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.

பிறகு இறக்கம். 2012இல் சூப்பர் லீக்கிலிருந்து கீழே விழுந்து, 2015இல் பிரீமியர் லீக்கை வென்று ஏறி வந்தது. 2016இல் கோச் தான் செங் ஹோவின் பயிற்சியில், ஷா ஆலாமில் சிலாங்கூரைப் பெனால்டியில் வென்று ஐந்தாவது மலேசியக் கிண்ணம். 2019இல் சிங்கப்பூர்க்காரர் அய்டில் ஷாரின் தலைமையில் பேராக்கை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம். 2020, 2021 இரண்டு பருவமும் லீக்கில் இரண்டாமிடம்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் சம்பளப் பாக்கிக் கதை. 2025-26 பருவத்துக்குக் கெடா டாருல் அமான் கிளப்புக்கு உரிமமே கிடைக்கவில்லை.

இரண்டாம் படி: எங்கே தோற்றார்கள் என்று பாருங்கள்

மேசையில் பாதிச் சண்டை இங்கே குழப்பிக்கொள்வதால் வருகிறது. திடலில் தோற்ற அணி வேறு, கணக்கில் தோற்ற அணி வேறு. 1989இன் கெடா திடலில் தோற்றது. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், இறுதியாட்டம் வரை போனார்கள், ஒரு படி போதவில்லை. அதற்குப் பொறுமை மருந்து. 2012இன் கெடாவும் திடலில்தான் விழுந்தது. 2025இன் கெடாவோ லீக் தொடங்கும் முன்பே அலுவலக மேசையில் வெளியேறியது. அதற்குப் புது ஸ்ட்ரைக்கரை வாங்கு என்பது வீட்டு வாடகை கட்டாதவனுக்குத் திரைச்சீலை வாங்கித் தருகிற மாதிரி.

மூன்றாம் படி: கட்சிகளை அடையாளம் காணுங்கள்

முதல் கட்சி, கோச்சை மாற்று கட்சி. மூன்று ஆட்டம் தோற்றால் போதும், ஆரம்பித்துவிடும். இவர்களிடம் அஸ்ராயும் தான் செங் ஹோவும் ஆதாரமாக இருப்பார்கள். ஆனால் அதே ஆதாரத்தைத் திருப்பிப் பிடிக்கலாம். அஸ்ராயின் அணி இரண்டாம் தட்டிலிருந்து ஏறிவந்த அணி. ஒரே கோச்சிடம் விட்டு வைத்ததால்தான் அடுத்தடுத்து ஆறு கோப்பை வந்தது.

இரண்டாவது, இம்போர்ட் கட்சி. வெளிநாட்டு ஆட்டக்காரர் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பார்கள். இவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல பதில் வரலாற்றிலேயே இருக்கிறது. 2009 முதல் 2011 வரை மலேசிய லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடை. மார்லன் ஜேம்ஸ் இல்லை, யாருமில்லை. அந்தக் காலத்தில்தான், 2010இல், கெடா எஃப்.ஏ. கிண்ண இறுதிக்குப் போய் நெகிரி செம்பிலானிடம் பெனால்டியில் மட்டும் தோற்றது. அப்புறம் வேடிக்கை என்னவென்றால், இம்போர்ட் திரும்பி வந்த 2012இல்தான் கெடா கீழே இறங்கியது. இதைச் சொன்னால் இம்போர்ட் கட்சி கொஞ்ச நேரம் தண்ணீர் குடிக்கும்.

மூன்றாவது, நம்ம பையன் கட்சி. என் ஓட்டு இவர்களுக்குத்தான், அதை மறைக்கப் போவதில்லை. பட்ரோல் பக்தியாரைப் பாருங்கள். இருபது வயதுகூட ஆகாமல் 2007 அணியில் இருந்தவர், 2019இல் கேப்டனாகக் கோப்பை தூக்கினார். ஒரு இம்போர்ட்டை அப்படிப் பன்னிரண்டு வருடம் வைத்திருக்க முடியுமா?

நான்காம் படி: தோற்றே முன்னேறலாம் என்பவரை நம்பாதீர்கள்

அமெரிக்க விளையாட்டு பார்க்கிற ஒரு தம்பி எந்த மேசையிலும் இருப்பான். பேஸ்பாலில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011 முதல் 2013 வரை ஒவ்வொரு பருவமும் நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்று, 2017இல் உலகத் தொடரை வென்ற கதையைச் சொல்வான். கதை உண்மைதான். (எதிரணியின் சைகைகளைத் திருடிப் பிடிபட்ட கதையையும் அவன் சேர்த்துச் சொன்னால் நல்லது.) ஆனால் அங்கே அப்போது கடைசியில் வந்த அணிக்குத்தான் அடுத்த ஆண்டு இளம் ஆட்டக்காரர்களில் முதல் தேர்வு கிடைத்தது, கீழ்ப் பிரிவுக்குத் தள்ளுவதும் கிடையாது. நம் ஊரில் கடைசியில் வந்தால் பரிசு கிடையாது, ஸ்பான்சர்தான் ஓடுவார்.

ஐந்தாம் படி: காகிதத்தில் கணக்குப் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி, இதைத்தான் யாரும் செய்வதில்லை. கடைப் பில்லின் பின்பக்கம் போதும். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு: 25 ஆட்டக்காரர்கள், ஆளுக்குச் சராசரி மாதம் 10,000 வெள்ளி என்றால் சம்பளம் மட்டும் 2,50,000 வெள்ளி. டாருல் அமான் அரங்கத்துக்கு ஓர் ஆட்டத்துக்கு 5,000 பேர் வந்து தலைக்கு 15 வெள்ளி கொடுத்தால் 75,000. மாதம் இரண்டு ஆட்டம் சொந்தத் திடலில் நடந்தால் 1,50,000. மீதி ஒரு லட்சத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது? கோச், பஸ், ஹோட்டல், திடல் வாடகை இன்னும் எழுதவே இல்லை.

சம்பளம் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டக்காரர் புகார் கொடுப்பார். லீக் புள்ளியை வெட்டும். வெளிநாட்டுக்காரர் ஃபிஃபாவுக்குப் போனால், பாக்கி கட்டும்வரை புது ஆட்களைப் பதிவு செய்யத் தடை வரும். தடை வந்தால் அணி மெலியும், மெலிந்தால் கூட்டம் குறையும், கூட்டம் குறைந்தால் அடுத்த மாதச் சம்பளமும் போச்சு. ஆக, முதலில் கேட்க வேண்டியது யாரை வாங்குவது என்பதல்ல, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது.

ஆறாம் படி: தோட்டத்துத் திடல் எங்கே என்று கேளுங்கள்

நம் மேசைகளில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. ஹார்வர்ட், பாடெனோக், விக்டோரியா, ஹென்ரியெட்டா என்று கெடாவில் தோட்டத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு பந்துத் திடல். பால்வெட்டு முடிந்து வந்தவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்களும் ஒரே பந்தை உதைத்தார்கள். தோட்டம் துண்டானது, லயம் காலியானது, குடும்பங்கள் தாமான்களுக்குப் போயின. அங்கே பையன்களுக்குக் கிடைப்பது மணிக்கணக்கில் காசு கட்டி ஆடும் ஃபுட்சால் தளம்.

“நம்ம பையனுங்களுக்கு வாய்ப்பே கொடுக்கலண்ணே!”

“வாய்ப்பு அப்புறம் தம்பி, அவன் எங்க பந்து பழகுறான்னு சொல்லு.”

இரண்டுமே நியாயமான பேச்சு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, பின்னால் பிஜே சிட்டி என்று பெயர் மாறிய கிளப்பை இங்கே நினைவில் வையுங்கள். பி. மணியம் பயிற்சியில் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்துச் சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்தது. ஆனால் 2022 பருவத்தோடு லீக்கைவிட்டு விலகிவிட்டது. உள்ளூர் பையன்களை வைத்து ஆட முடியும் என்பதற்கும், அதற்கும் பணம் வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி.

ஏழாம் படி: ஓர் ஆட்டம் போய்ப் பாருங்கள்

கிண்ண இறுதியாட்டத்துக்கு எல்லாரும் போவார்கள். நீங்கள் இளையோர் கிண்ணம், தலைவர் கிண்ணம் போன்ற இளம் அணிகளின் ஆட்டங்களுக்குப் போங்கள். மாவட்டப் பள்ளி ஆட்டம் என்றால் இன்னும் நல்லது. பெரும்பாலும் டிக்கெட்டே இருக்காது. ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறியுங்கள்: பையனின் வயது, எந்த ஊர், இடது காலில் பந்தை நிறுத்துகிறானா. பெற்றோர் பக்கம் உட்கார்ந்தால் பூட்ஸ் என்ன விலை, பயிற்சிக்கு யார் காரில் ஏற்றி வருகிறார்கள் என்பதும் காதில் விழும். அடுத்த வாரம் மேசையில் யாராவது “கெடாவுல ஆளே இல்லப்பா” என்றால், அந்த நோட்டைத் திறந்து இரண்டு பெயரைச் சொல்லுங்கள்.