புது சர்வர் வேண்டாம்... இருப்பதைப் பகிரலாம்! 'ஸ்லர்ம்' நிறுவும் முறை

போனில் ஏழெட்டு ஆப்களைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? போன் திணறும், பின்னால் இருக்கும் ஆப் தானாக மூடிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்தில் பல சர்வர்களை இணைத்து வைத்திருக்கும் தொகுப்பிலும் இதே கதைதான். ஒருவர் நினைவகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால், பத்து நாளாக ஓடிய இன்னொரு மாணவரின் கணக்கீடு பாதியில் நின்றுவிடும். பத்து நாள் உழைப்பும் போச்சு!

ஸ்லர்ம் என்றால் என்ன?

இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறோம் இல்லையா, அதே முறைதான். "இத்தனை கோர், இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தால், இடம் காலியானதும் ஸ்லர்ம் வேலையைத் தொடங்கும். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிறந்த இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. திருச்சி என்.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கப்பட்ட 'பரம் பொருள்' மீக்கணினியிலும் இதுவே வேலைகளை வரிசைப்படுத்துகிறது.

எப்படி நிறுவுவது?

1. எல்லா சர்வர்களிலும் கடிகாரம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். சில நிமிடங்கள் விலகினாலே ஒன்றையொன்று நம்பாது.

2. ஒரு பயனருக்கு எல்லா சர்வரிலும் ஒரே பயனர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொகுப்புகளில் அதிகம் சிக்கல் வருவது இங்கேதான்.

3. அடையாளம் சரிபார்க்கும் 'மஞ்ச்' மென்பொருளை நிறுவி, ஒரே சாவிக் கோப்பை எல்லா சர்வருக்கும் நகலெடுங்கள். அதை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டி வையுங்கள்.

4. தலைமை சர்வரில் 'ஸ்லர்ம்சிடிஎல்டி', மற்றவற்றில் 'ஸ்லர்ம்டி' நிறுவுங்கள்.

5. அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு சர்வரின் கோர், நினைவக அளவை உள்ளபடி எழுதுங்கள். கூட்டிச் சொன்னால் அந்த சர்வரை ஸ்லர்ம் ஒதுக்கி வைத்துவிடும்.

6. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீங்க. முதலில் இரண்டு சர்வர்களில் சோதியுங்கள். மற்றவற்றில் ஓடும் வேலைகள் முடிந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

பின்வாசலை மூடுங்கள்

டோக்கன் கொடுத்தும் பின்வாசல் திறந்திருந்தால் பயன் என்ன? 'சிகுரூப்' வசதியை இயக்கினால்தான் கேட்ட நினைவகத்தை யாரும் தாண்ட முடியாது. வரிசையில் வராமல் சர்வருக்குள் நேராக நுழைவதையும் தடுக்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு நாள் கேட்காதீங்க. பெரிய வேலை ஒன்று இடத்துக்காகக் காத்திருக்கும்போது, அந்த இடைவெளியில் முடியக்கூடிய சின்ன வேலைகளை ஸ்லர்ம் முன்னதாகவே ஓட்டிவிடும். தேவையைச் சரியாகச் சொல்பவருக்கு இடமும் சீக்கிரம் கிடைக்கும். அடுத்தவர் வேலையும் கெடாது.