கை வறண்டால் கருத்தும் வறளுமா?

மனிதர் எது நன்மை, எது தீமை என்று சீர்தூக்கிப் பார்த்தே பணத்தைச் செலவிடுகின்றனர் என்பது பொருளியலின் பழைய கொள்கை. அன்றாட வாழ்வில் அப்படியா நடக்கிறது? இக்கேள்வியை ஆராய்வதே 'நடத்தைப் பொருளியல்' என்னும் துறையாகும். உளவியல் அறிஞர் டேனியல் கானமன் 2002-லும், ரிச்சர்டு தேலர் 2017-லும் இத்துறைப் பணிக்காக நோபல் பரிசு பெற்றனர்.

தறி ஓடாத நாட்களில் என் அம்மா தம் கம்மலை அடகு வைப்பார்கள். "வட்டியிலேயே நகை போய்விடும். முன்பே யோசித்திருக்கக் கூடாதா?" என்று நான் கடிந்துகொண்டதுண்டு. நான் பேசியது தவறு என்பதைத் தமிழகத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு உணர்த்தியது.

ஆனந்தி மணி, தமிழகத்தில் பிறந்த செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர் 2013-ல் அதனை வெளியிட்டனர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 சிற்றூர்களில் 464 கரும்பு விவசாயிகளைச் சந்தித்தனர். கரும்புக்குப் பணம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே கைக்கு வரும். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் அடகு வைத்திருந்தனர். அறுவடைக்குப் பின் 4 பேரே!

அவர்களுக்கு இருமுறை சிறு சோதனைகள் வைத்தனர். '5 5 5' என்று காட்டி, எத்தனை எண்கள் என்று கேட்பது அவற்றில் ஒன்று. 'ஐந்து' என்று நாக்கு முந்தும். 'மூன்று' என்பதே சரியான விடை. அதே விவசாயி அறுவடைக்கு முன் அதிகம் தவறினார். பின்பு விரைவாகவும் சரியாகவும் விடையளித்தார். ஆலைகள் வெட்டும் நாளை மாற்றி மாற்றித் தருவதால், ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், மற்றவர் காத்திருப்பார். ஆகவே பருவநிலை இதற்குக் காரணமன்று.

அறிவு குறைந்துவிடவில்லை, கவலை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தலையில் தண்ணீர்க் குடத்தைச் சுமப்பவளிடம் கணக்குக் கேட்டால் அவளால் உடனே சொல்ல முடியுமா?

இதற்கு வழியும் உண்டு. கென்யா நாட்டில் விவசாயிகள் பலர் உரம் வாங்க நினைத்தும் விதைக்கும் காலத்தில் பணமின்றித் தவித்தனர். அறுவடை முடிந்து கையில் பணம் இருக்கும்போதே, உரத்தை வீட்டிற்கே இலவசமாகக் கொண்டுவந்து தருவதாகக் கூறியபோது அதிகம் பேர் வாங்கினர். 2019-ல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோர் இவ்வாய்வைச் செய்தவர்களுள் அடங்குவர். நல்ல முடிவுக்குப் புத்திமதியைவிட ஏற்ற வேளையே பெருந்துணை என்பது இதனால் விளங்குகிறது.

இப்பொழுது எங்கள் வீட்டில் கூலி வரும் அன்றே ஒரு சிறு தொகையைத் தனி டப்பாவில் போடுகிறோம். அதற்குக் கணக்கு எழுதுபவள் நான். கம்மல் இன்னும் மீளவில்லை. ஆயினும் அம்மாவைக் கடிந்து பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். அதுவே எங்கள் வீட்டிற்கு வந்த முதல் மகிழ்ச்சி.

தோழியரே, வறியவரைக் கண்டு "யோசிக்கத் தெரியாதவர்" என்று சொல்லுமுன், அவர் தலையிலுள்ள குடத்தைச் சற்று நோக்குவோம். இயன்றால் ஒரு கை கொடுத்து இறக்கி வைப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, சங்கரன்கோவில்