மேசைக்குப் பின்னால் நின்ற மாணவர்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு மண்டபம் முகாம் நன்கு பழகிய இடம். 1947 பிப்ரவரி 3 அன்று தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு இருந்தது இங்கேதான். தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறிய பிறகும் மண்டபத்தில் அதன் மையம் தொடர்ந்து இயங்கி வருகிறது. நிறுவன நாளையொட்டிப் பொதுமக்களும் மாணவர்களும் உள்ளே சென்று பார்க்க அனுமதிக்கப்படுகிறார்கள். மீன் காட்சியகம், பதப்படுத்தி வைத்த கடல் உயிரினங்கள், விஞ்ஞானிகளுடன் நேரில் பேசும் வாய்ப்பு என அன்று ஒரே இடத்தில் நிறையக் கிடைக்கும்.

பல பள்ளிகள் அன்று மாணவர்களை அழைத்து வருகின்றன. கூட்டம் அதிகம் என்பதால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு தொட்டியின் முன் அரை நிமிடம் நின்றாலே அதிகம். திரும்பி வந்ததும் குறிப்பேட்டில் "கடல் குதிரை பார்த்தோம், சிங்கி இறால் பார்த்தோம்" என்று பட்டியல் எழுதப்படும். பார்த்தது உண்மை. அதிலிருந்து என்ன கற்றார்கள் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. எனவே ஓர் ஆண்டு, பார்வையிடச் செல்வதற்குப் பதிலாக, அன்றைய கூட்டத்துக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வலர்களாகச் செல்ல அனுமதி கேட்டோம். தலைமை ஆசிரியர் வழியாக ஒரு மாதம் முன்பே கடிதம் அனுப்பினோம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 12 பேரும் நானும் இரண்டு மேசைகளைப் பொறுப்பேற்றோம். ஒன்று முட்தோலிகள் மேசை. மற்றொன்று கடற்பாசி, கடற்புல் மேசை.

அந்த அனுபவத்தில் மற்ற ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே பகிர்கிறேன்.

பெயர்களிலிருந்து தொடங்கினோம்

முன்தயாரிப்பின் முதல் நாள், ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டேன். "கடல் அட்டை, டீச்சர்" என்று உடனே பதில் வந்தது. "எந்தத் தொகுதியைச் சேர்ந்தது?" என்று கேட்டதும், "வளைதசைப் புழுக்கள்" என்றார்கள் பாதிப் பேர். காரணம் எளிது. வயலில் இரத்தம் உறிஞ்சும் அட்டை வளைதசைப் புழு. பெயரில் அட்டை இருக்கிறது, எனவே இதுவும் அதுதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். விலங்குலகம் பாடத்தில் முட்தோலிகளுக்கு எடுத்துக்காட்டாகக் கடல் வெள்ளரியைப் படித்திருந்தார்கள். ஆனால் அந்தக் கடல் வெள்ளரிதான் தங்கள் ஊர்க் கடல் அட்டை என்பது யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் அறிந்த உயிரியும் பாடத்தில் படித்த உயிரியும் அவர்கள் மனத்தில் வெவ்வேறாக இருந்தன.

எனவே ஒவ்வொரு உயிரிக்கும் ஓர் அட்டை தயாரித்தோம். அதில் மூன்று கட்டங்கள்: நம் ஊர்ப் பெயர், பாடநூல் பெயர், அறிவியல் பெயர். முதல் கட்டத்தை நிரப்பும் பொறுப்பு மாணவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். வெள்ளை அட்டை, கடல் வெள்ளரி, ஹோலோதூரியா ஸ்காப்ரா என்று மூன்றும் ஒரே வரியில் வந்தபோது குழப்பம் தீர்ந்தது. அடுத்த கேள்வி தானாக எழுந்தது: பார்த்தால் புழு மாதிரி இருப்பதை எப்படி நட்சத்திர மீனோடு சேர்த்தார்கள்? கடல் அட்டையின் உடலுக்குள் நீளவாக்கில் ஐந்து தசைப் பட்டைகள் உள்ளன. நட்சத்திர மீனுக்குப் பெரும்பாலும் ஐந்து கைகள். இரண்டுக்கும் குழாய்க் கால்கள் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து வகைப்படுத்துவதற்கும் உடலமைப்பை வைத்து வகைப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஓர் உயிரியை வைத்தே புரியவைக்க முடிந்தது.

பாசி மேசையில் வேறு விதமான வியப்பு காத்திருந்தது. கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றல்ல. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை உண்டு. அது கடலுக்குள் பூக்கும் தாவரம். பாசிக்கு உண்மையான வேரும் இல்லை, பூவும் இல்லை. இதைப் பாடமாகச் சொன்னால் மாணவர்கள் மறந்துவிடுவார்கள். ஆனால் நம் கடற்கரை மக்கள் கடற்புல்லைத் தாழை என்றும், மற்றதைப் பாசி என்றும் ஏற்கெனவே பிரித்துத்தான் பேசுகிறார்கள். இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "அப்ப எங்க தாத்தா சொல்றது சரிதானா டீச்சர்?" என்று கேட்டான். ஊர்ப் பெயரும் அறிவியலும் எப்போதும் இப்படிப் பொருந்தாது என்பதற்குக் கடல் அட்டையே சாட்சி. எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதே நல்ல பயிற்சி.

தாயின் தொழிலும் ஆய்வகத் தட்டும்

பாசி மேசைக்குத் தேர்வான மாணவி ஒருவரின் தாயார் தீவுப் பகுதிகளில் பாசி சேகரிக்கும் தொழிலாளி. வகுப்பில் அதைச் சொல்ல அந்த மாணவிக்குத் தயக்கம் இருந்தது. ஊர்ப் பெயர் கட்டத்தை நிரப்ப வேண்டி வந்தபோதுதான் அவருடைய அறிவு வெளிப்பட்டது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என மூன்றையும் தொட்டுப் பார்த்தே பிரித்துக் காட்டினார். எது பாறையில் ஒட்டி வளரும், எதைப் பறித்தால் கை கிழியும் என்றெல்லாம் சொன்னார்.

மரிக்கொழுந்திலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகார் எடுக்கப்படுகிறது என்றும், உலகெங்கும் ஆய்வகங்களில் பாக்டீரியாவை வளர்க்கும் தட்டுகளில் இருப்பது அகார்தான் என்றும் நான் கூறினேன். கட்டக்கோரையிலிருந்து அல்ஜினேட் கிடைக்கிறது. பாசி சேகரிக்கும் பெண்களின் சார்பாகச் செயல்பட்ட பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டுப் பரிசு கிடைத்ததையும் சொன்னேன். மறுநாள் அந்த மாணவி வீட்டிலிருந்து இன்னும் இரண்டு பாசிகளைக் கொண்டுவந்தார். தாயாரும் நிகழ்ச்சியன்று வந்திருந்தார். மகள் அகார் பற்றிப் பேசும்போது கூட்டத்தின் பின்வரிசையில் நின்று கேட்டார். பேசி முடித்ததும், "கஞ்சிப்பாசிய இவ்வளவு நேரம் வெயில்ல வைக்காதடி, நிறம் மாறிடும்" என்று திருத்தினார். மாணவி உடனே தட்டை நிழலுக்கு நகர்த்தினார்.

மூன்று விதிகள்

விளக்கம் சொல்ல நிற்கும் மாணவர்களுக்கு மூன்றே விதிகள் வகுத்தோம்.

1. ஓர் உயிரியைப் பற்றி உறுதியாகத் தெரிந்த மூன்று செய்திகளை மட்டும் சொல்ல வேண்டும். மனப்பாடமாக ஒப்பிக்கக் கூடாது. பொருளைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

2. தெரியாத கேள்விக்குத் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்றுதான் பதில். ஊகித்துச் சொல்லக் கூடாது. கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அருகில் உள்ள விஞ்ஞானியிடம் பார்வையாளரை அழைத்துச் செல்ல வேண்டும்.

3. ஒவ்வொரு பார்வையாளரிடமும் தாமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?" என்பது போன்ற எளிய கேள்வி போதும்.

ஒத்திகைக்கு ஆறாம் வகுப்பு மாணவர்களை அழைத்தோம். சிறியவர்கள் சளைக்காமல் கேட்பார்கள். "கடல் குதிரைக்குக் குட்டி எப்படிப் பிறக்கும்?" என்ற கேள்வி ஒத்திகையில்தான் வந்தது. பெண் முட்டைகளை ஆணின் பையில் இடும், ஆண்தான் குஞ்சுகளை வெளிவிடும் என்பதை அந்தக் கேள்விக்குப் பிறகே எங்கள் குழு படித்துத் தயாரானது.

பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வி

நிகழ்ச்சியன்று காலை பத்து மணிக்கு மேல் கூட்டம் பெருகியது. ஐந்து நிமிட விளக்கம் ஒரு நிமிடமாகச் சுருங்கியது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினோம். அதனால் கூச்சப்படும் மாணவர்களுக்கும் வாய்ப்புக் கிடைத்தது.

முட்தோலிகள் மேசைக்கு ஒரு முதியவர் வந்தார். தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற மீனவர். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடிப்பது குற்றம் என்று எங்கள் மாணவி சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்:

"ஏம்மா, அந்தக் கரையில இலங்கையில லைசென்ஸ் குடுத்துப் பிடிக்க விடுறாங்க. இங்க பிடிச்சா கேசு. கடல் ஒண்ணுதான? இது என்ன நியாயம்?"

மாணவியின் தந்தையும் கடலுக்குச் செல்பவர். இந்தப் பேச்சை அவர் வீட்டிலும் கேட்டிருப்பார். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"நியாயமான்னு எனக்குச் சொல்லத் தெரியல தாத்தா. தெரிஞ்சத மட்டும் சொல்றேன். அட்டையில ஆண் பெண் ரெண்டும் முட்டையையும் விந்தணுவையும் தண்ணியிலதான் விடும். பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தான் ரெண்டும் சேரும். நாம பிடிச்சுப் பிடிச்சு ஒண்ணு இங்க, ஒண்ணு ரொம்ப தூரத்துலன்னு ஆயிட்டா, முட்டை விட்டும் குஞ்சு வராது. சட்டம் பத்தி சார்கிட்ட கேட்போம், வாங்க."

அருகிலிருந்த விஞ்ஞானி அவருடன் பத்து நிமிடம் பேசினார். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதையும், எண்ணிக்கையை ஆய்ந்து தெரிவிப்பது ஆய்வாளர் வேலை, முடிவெடுப்பது அரசின் வேலை என்பதையும் பொறுமையாகச் சொன்னார். முதியவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மூன்றாவது விதிப்படி எங்கள் மாணவி அவரிடம், "நீங்க சின்ன வயசுல எவ்வளவு ஆழத்துல அட்டை எடுத்தீங்க தாத்தா?" என்று கேட்டார். "முழங்கால் தண்ணியில நடந்தே எடுப்போம். பின்னாடி முங்கித்தான் எடுக்க வேண்டி வந்துச்சு" என்றார் அவர். மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தான் சொன்ன விளக்கத்துக்கு எதிரே நின்றவரின் வாழ்க்கையிலிருந்தே ஒரு சான்று கிடைத்ததை, எழுதி முடித்த பிறகே அவர் உணர்ந்தார்.

வாழ்வாதாரமும் பாதுகாப்பும் மோதும் இடங்களில் மாணவர்களை ஒரு பக்கம் நிற்க வைப்பது நம் வேலையல்ல என்று கருதுகிறேன். உயிரியின் வாழ்க்கையை அவர்கள் சரியாக அறிந்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவரின் வாழ்க்கையையும் மதித்துக் கேட்க வேண்டும். இரண்டையும் வகுப்பறையில் மட்டும் கற்பிப்பது கடினம்.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

குறிப்பேடுகளில் விடை தெரியாத கேள்விகள் பல சேர்ந்திருந்தன. அவற்றையே அடுத்த மாத அறிவியல் மன்றக் கூட்டங்களுக்குத் தலைப்பாக்கினோம். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை ஏன் அந்த மாதங்களில்?" என்பது ஒன்று. "ஆவுளியா வலையில் சிக்கினால் ஏன் சீக்கிரம் இறந்துவிடுகிறது?" என்பது மற்றொன்று. ஆவுளியா என்னும் கடற்பசு நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி, மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் என்று மாணவர்களே கண்டறிந்தார்கள். அதன் உணவு கடற்புல் என்பதால் பாசி மேசைச் செய்திகளும் இங்கே கைகொடுத்தன. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகம் 2022-இல் அறிவிக்கப்பட்டதன் காரணம் அவர்களுக்கு எளிதில் புரிந்தது.

முதியவரின் பதிலைத் தொடர்ந்து, ஒவ்வொரு மாணவரும் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் "அன்று கிடைத்தது, இன்று கிடைப்பது" என்று கேட்டு எழுதி வந்தார்கள். நினைவு எவ்வளவு நம்பத்தக்க சான்று என்ற விவாதமும் அதிலிருந்து எழுந்தது.

மாற்றம் தெளிவாகத் தெரிந்த இடம் ஒன்று உண்டு. பெயர் எழுதாத ஓர் உயிரியின் படத்தைக் கொடுத்தால், முன்பு "இதன் பேர் என்ன டீச்சர்?" என்று கேட்பார்கள். அந்த 12 பேரும் இப்போது, "செவுள் இருக்கா? துடுப்பு இருக்கா? அடிப்பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

• ஒரு மாதம் முன்பே தலைமை ஆசிரியர் வழியாக நிறுவனத்துக்கு எழுதுங்கள். பெற்றோர் ஒப்புதல், பயணப் பாதுகாப்பு, உணவு, குடிநீர் ஆகியவற்றை முதலில் உறுதி செய்யுங்கள்.

• பேச்சுத் திறன் உள்ள மாணவர்களை மட்டும் தேர்வு செய்ய வேண்டாம். பொருளை அறிந்தவர், எழுதிக்கொள்பவர், கூட்டத்தை ஒழுங்குபடுத்துபவர் என எல்லோருக்கும் இடமுண்டு.

• இரண்டு மேசைகளுக்கு மேல் ஏற்க வேண்டாம். பொருள்கள் குறைவாக இருந்தால்தான் ஆழமாகத் தயாராக முடியும்.

• தொடக்க நிலை மாணவர்களைப் பார்வையாளர்களாகவே அழைத்துச் செல்லலாம். ஆளுக்கு ஒரு கேள்விச் சீட்டு கொடுங்கள். "கண் எங்கே இருக்கிறது?", "எப்படி நகர்கிறது?" என்ற ஒரே கேள்விக்கு விடை தேடும் குழந்தை தொட்டியின் முன் கூடுதல் நேரம் நிற்கும்.

• கடல் இல்லாத மாவட்டங்களிலும் வாய்ப்புகள் உண்டு. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளிலும், செப்டம்பர் 26 அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்ற நிறுவன நாளையொட்டியும் ஆய்வு நிறுவனங்கள் பல மாணவர்களை அனுமதிக்கின்றன. வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் விளக்கம் சொல்ல நின்றால், நெல் ரகங்களின் ஊர்ப் பெயர்களும் அறிவியலும் இதேபோல ஓர் அட்டையில் சேரும்.

தயாரிப்புக்கு எங்களுக்கு ஆன நேரம் மூன்று வாரங்கள், நாள்தோறும் மதிய உணவுக்குப் பின் அரை மணி. செலவு, அட்டைகளுக்கும் பேருந்துக்கும் மட்டும். உங்கள் பள்ளியில் முயன்றால், மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பெயர்களை முதலில் பட்டியலிடுங்கள். எந்த மேசையை ஏற்பது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.